தலை எண்ணும் வியாபாரம்

புது வருஷம் பிறந்ததும் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. இலங்கைக்குப் போன ஆண்டில் இத்தனை லட்சம் பிரயாணிகள் வந்தார்கள், மாலத்தீவுக்கு இத்தனை லட்சம், அந்தமானுக்கு இத்தனை என்று ஒரு தலைக்கணக்கு. முந்தின வருஷத்தைவிடக் கூடியிருந்தால் மந்திரி மாலை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார். குறைந்திருந்தால் விளம்பரத்துக்கு இன்னும் கொஞ்சம் பணம் ஒதுக்குகிறார். ஆடு மேய்க்கிறவன்கூட மாலையில் பட்டியில் அடைக்கும்போது தலையை எண்ணுவதோடு நிற்பதில்லை. எது நொண்டுகிறது, எதற்குப் பால் வற்றிவிட்டது என்று ஒரு பார்வை பார்க்கிறான். தீவுகளை ஆளுகிறவர்களுக்கு அந்த நிதானம்கூட இல்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்துவிட்டால் போதும், தீவு பிழைத்துவிட்டதாக அர்த்தம்!

இது பொய்க்கணக்கு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எண்கள் பொய் என்று சொல்லவில்லை. எண்ணுகிற பொருள் தப்பு என்கிறேன்.

அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு தீவுகளைப் பற்றிப் பேச உனக்கு என்னையா வந்தது என்று யாராவது கேட்கலாம். கடல் இங்கிருந்து கண்ணுக்கெட்டாத தூரம். இங்கே இருப்பது ஓர் ஏரி, அதிலும் பாதி சாக்கடை. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் அதைச் சுற்றி எழும்பியிருக்கும் கம்ப்யூட்டர்க் கம்பெனிகளிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் கல்யாணமான கையோடு கொழும்புக்கும் மாலேக்கும் டிக்கெட் எடுக்கிறார்கள். ஆவடிப் பக்கத்திலும் பூந்தமல்லிப் பக்கத்திலும் கேட்டரிங் படித்த வேறு பிள்ளைகள் அதே மாலத்தீவு ஓட்டல்களில் தட்டேந்தப் போகிறார்கள். ஆக அந்த வியாபாரத்தில் வாடிக்கைக்காரரும் நாமே, கூலிக்காரரும் நாமே. இதற்கு மேல் என்ன பாத்தியதை வேண்டும்?

தீவுகளுக்குச் சுற்றுலா வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள். தனக்குப் பின்னால் வருகிறவன்தான் எப்போதும் கூட்டம், தான் மட்டும் ரசிகன்! அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. தீவின் நிலைமை நமக்குத் தெரிந்ததுதான். நிலம் குறைவு. இரும்பு கிடையாது, நிலக்கரி கிடையாது. ஒரு சாமானைச் செய்ய வேண்டுமென்றால் மூலப்பொருள் கப்பலில் வர வேண்டும், செய்த சாமானும் கப்பலில் போக வேண்டும். இரண்டு தரம் கூலி கொடுத்துவிட்டு யாரோடு போட்டி போடுவது? கையில் இருப்பது வெயில், மணல், கடல், கொஞ்சம் தென்னை. பனியில் விறைத்துக் கிடக்கும் ஐரோப்பியன் அதற்குப் பணம் கொடுக்கிறான் என்றால் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அதை விட்டால் அந்த ஜனங்களுக்கு வேறு சோறு எங்கே இருக்கிறது?

என் சண்டை, அந்தச் சோறு யார் இலையில் விழுகிறது என்பதைப் பற்றியது. இன்னொன்று, அடுத்த வேளைக்கும் சோறு இருக்குமா என்பதைப் பற்றியது.

பின்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் 1949-ல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. அன்று தொடங்கி இந்த ஊருக்கு ஜீவனம் இரும்பில். இங்கே லேத் வைத்திருப்பவர் ஒரு போல்ட்டைச் செய்தார் என்றால், இன்று விற்காவிட்டால் அது அலமாரியில் கிடக்கும். அடுத்த மாதம் விற்கும். மோட்டார்க் கம்பெனி வாங்காவிட்டால் அதே லேத்தில் பம்புக்கு வேண்டியதைக் கடையலாம். ஓட்டல் அறை அப்படி அல்ல. இன்று இரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு விற்க முடியாது. அந்த இரவு போனது போனதுதான். ஓட்டலை நம்பிப் பால் ஊற்றுகிறவன், மீன் கொடுக்கிறவன், ஆட்டோ ஓட்டுகிறவன், துணி வெளுக்கிறவன் அத்தனை பேருக்கும் அந்த ஓர் இரவு சேர்ந்து போகிறது.

அம்பத்தூரே பெரிய உத்தமம் என்று நான் மார்தட்டவில்லை. டன்லப் டயர்த் தொழிற்சாலை மூடியபோது அதை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2019-ல் மோட்டார் வியாபாரம் சரிந்தபோது பட்டறைகளில் வேலைநாள் குறைந்தது. ஒரே வாடிக்கைக்காரனை நம்புகிற எந்த ஊருக்கும் அந்தக் கதிதான். ஆனால் சுற்றுலாவில் அந்த அபாயம் பத்து மடங்கு. எங்கேயோ ஒரு குண்டு வெடித்தால், எங்கேயோ ஒரு காய்ச்சல் பரவினால், மறுநாள் காலையில் கடை காலி.

இலங்கையைப் பாருங்கள். அங்கே சுற்றுலாச் சபை ஏற்பட்டது 1966-ல். இடையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் யுத்தம். 2009-ல் யுத்தம் முடிந்ததும் தலைக்கணக்கு ஏறத் தொடங்கி, 2018-ல் 23 லட்சத்தைத் தாண்டியது. ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த அடியிலிருந்து எழுந்திருப்பதற்குள் கொரோனா வந்தது. 2020-ல் 5 லட்சம், 2021-ல் 2 லட்சத்துக்கும் குறைவு. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று ஒரு தேசம் கையை விரித்தது. பெட்ரோலுக்கும் காஸுக்கும் ஜனங்கள் நாட்கணக்கில் தெருவில் நின்றார்கள். சுற்றுலா ஒன்றினால் மட்டும் இந்த நாசம் வந்தது என்று சொன்னால் அது அநியாயம். வாங்கிய கடன், குறைத்த வரி, ஒரே ராத்திரியில் ரசாயன உரத்தைத் தடை செய்த புத்திசாலித்தனம் எல்லாம் சேர்ந்து கவிழ்த்தன. ஆனால் அந்தக் கடனை எல்லாம் வாங்கும்போது, டாலர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத் தயாராக இருந்த பதில்களில் ஒன்று, பிரயாணிகள் வருவார்கள் என்பதுதானே? 2024-ல் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். மறுபடியும் மாலை, மறுபடியும் படம்.

இலங்கைத் தமிழில் இந்தப் பிரயாணிகளுக்கு ஒரு பெயர் உண்டு: உல்லாசப் பயணிகள். நம் பக்கத்தில் சுற்றுலாப் பயணி என்கிறோம். அவர்கள் சொல்லில் இருக்கிற நேர்மை நம்முடையதில் இல்லை என்று எனக்குத் தோன்றும். வருகிறவனுக்கு உல்லாசம், அது சரி. இருக்கிறவனுக்கு?

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தது. அது ஓய்ந்ததும் இலங்கை அரசு ஒரு விதி செய்தது. கரையோரம் 100 மீட்டருக்குள், கிழக்கிலும் வடக்கிலும் 200 மீட்டருக்குள், யாரும் வீடு கட்டக் கூடாது. உயிருக்குப் பாதுகாப்பு. நல்ல விதிதான். ஆனால் ஓட்டல்களுக்கு விலக்கு! மீன்பிடிக்கிறவன் குடிசை போட்டால் அலை அடித்துக்கொண்டு போய்விடும். உல்லாசப் பயணி ஏர்கண்டிஷன் அறையில் படுத்திருந்தால் அலை மரியாதையாக ஒதுங்கிப் போகும் போலிருக்கிறது. அறுகம் குடாவில் பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்த ஜனங்கள் தங்கள் பழைய மனையில் நாலு கம்பு நட முடியாமல் நின்றார்கள். பின்னால் விதியைத் தளர்த்தினார்கள் என்பது வேறு விஷயம். பேரழிவு வந்து ஒரு வருஷத்துக்குள் ஒரு சர்க்காருக்கு இப்படி ஒரு விதி எழுதத் தோன்றியதே, அது மறக்கக்கூடியதா?

யுத்தம் முடிந்தபின் பாசிக்குடாவில் வரிசையாக ஓட்டல்கள் எழும்பின. குழந்தை இறங்கி விளையாடலாம், அவ்வளவு ஆழமில்லாத அமைதியான கடல். அந்தக் கரையில் படகை இழுத்துப்போட்டு வலை காயவைத்தவர்களுக்கு இடம் சுருங்கிக்கொண்டே போயிற்று. காங்கேசன்துறையில் நடந்தது இதைவிட விசேஷம். 1990-ல் வலிகாமம் வடக்கு ஜனங்களை வெளியேற்றி அந்த மண்ணை உயர் பாதுகாப்பு வலயம் என்று ராணுவம் வைத்துக்கொண்டது. பாதுகாப்புக்காக என்று எடுத்த கடற்கரையில் ராணுவமே ஓர் உல்லாச விடுதி நடத்தியது. தல்செவன என்று பெயர். தோட்டத்தையும் கிணற்றையும் விட்டு வந்தவன் முகாமில் இருக்கிறான். அவன் பக்கத்துக் கடற்கரையில் வெளியூரான் காற்று வாங்குகிறான். அவனும் தலைக்கணக்கில் ஒரு தலைதான். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு விமானம் போகிறது. எனக்குச் சந்தோஷம்தான், நாலு பேர் போகட்டும், உறவுகள் புதுப்பிக்கப்படட்டும். போகிறவர்கள் நல்லூரைப் பார்த்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பாமல், படுத்து எழுந்த விடுதி யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று ஒரு வார்த்தை விசாரித்தால் குடிமுழுகிப் போகாது.

அயல்நாட்டு அநியாயம் என்று நாம் மூக்கின்மேல் விரல் வைக்கவும் வேண்டியதில்லை. நம்முடைய கடற்கரை ஒழுங்கு விதி 1991-ல் வந்தது. கிராமப்புறக் கடற்கரையில் அலை ஏறும் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்றது. 2019-ல் அதைத் திருத்தினார்கள். ஜனநெருக்கம் அதிகமான கிராமங்களில் 200 மீட்டர் 50 ஆயிற்று. கரைக்குப் பக்கத்தில் இருக்கும் தீவுகளுக்கு 20 மீட்டர். இருபது மீட்டர் என்றால் எவ்வளவு என்று எங்கள் ஊர்க் கணக்கில் சொல்லுகிறேன். அம்பத்தூரில் ஒரு கிரவுண்டு மனை 40-க்கு 60 அடி. இருபது மீட்டர் என்பது ஏறக்குறைய 65 அடி. அதாவது ஒரு குமாஸ்தா கடன் வாங்கி வாங்கிய மனையின் நீளத்துக்கு மேல் ஐந்தடி. அதுதான் ஒரு தீவில் கட்டடத்துக்கும் சமுத்திரத்துக்கும் நடுவே சட்டம் விட்டுவைத்திருக்கிற மரியாதை. எங்கே கடல் நாலு பக்கமும் இருக்கிறதோ அங்கேதான் இடைவெளி குறைவு! சுற்றுலா வளர வேண்டுமாம். மணலைக் கடல் கொண்டுபோன பிறகு சுற்றிப் பார்க்க அங்கே என்ன இருக்கும்?

மாலத்தீவு இந்த வியாபாரத்தில் எல்லாருக்கும் குரு. 1972-ல் தொடங்கினார்கள். ஆயிரத்துச் சொச்சம் தீவுகள். எல்லாவற்றையும் ஒட்டவைத்தாலும் தரை 300 சதுர கிலோமீட்டர்தான். எங்கள் அம்பத்தூரைச் சேர்த்துக்கொண்ட சென்னை மாநகராட்சியே 426 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 5 லட்சம், 2024-ல் வந்த பிரயாணிகள் 20 லட்சம். ஒரு தீவுக்கு ஓர் ஓட்டல் என்று ஏற்பாடு. ஊர் ஜனங்கள் ஒரு தீவில், உல்லாசம் இன்னொரு தீவில். இரண்டும் கண்ணில் படாது. ஊர்த்தீவுகளிலேயே சொந்த வீட்டில் நாலு அறை போட்டு விருந்தாளி வைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி சாமானிய ஜனங்களுக்கு 2009-ஐ ஒட்டித்தான் கிடைத்தது. முப்பத்தேழு வருஷம் தங்கள் கடலுக்குத் தாங்களே வெளியார்.

2014 டிசம்பர் 4-ல் மாலே நகரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தீப்பிடித்தது. லட்சம் ஜனங்கள் உள்ள தலைநகரத்தில் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போயிற்று. அதே சமயம் ஓட்டல் தீவுகளில் ஒரு குறையும் இல்லை. அவற்றுக்குத் தனித்தனி இயந்திரம். நீச்சல் குளம் நிரம்பித்தான் இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று சொல்ல முடியாது; உறைத்தது ஐந்து வருஷம் கழித்து. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் வந்தது. 50 வாகன், 25 லட்சம் லிட்டர். எங்கள் அம்பத்தூர் ஸ்டேஷனைக் கடந்துதான் அது போயிற்று. தண்ணீருக்கு வழியில்லாத ஊரில் யார் குடத்துக்கு முதலில் ஊற்றுவது என்ற கேள்வி எவ்வளவு கொடியது என்பதை அந்தக் கோடையில் எல்லாரும் பார்த்தோம். தீவுகளில் அந்தக் கேள்வி எல்லாக் கோடையிலும் இருக்கிறது. காசு கொடுக்கிறவன் குடத்துக்கு முதலில் என்று அங்கே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015-லிருந்து தலைக்கு ஒரு நாளைக்கு 6 டாலர் பசுமை வரி வாங்குகிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து பெரிய ஓட்டல்களில் அது 12 டாலர். வரி கூடினால் கூட்டம் ஓடிப்போகும் என்று பயமுறுத்தினவர்கள் உண்டு. இரவு ஒன்றுக்கு ஐந்நூறு டாலர் கொடுக்கிறவன் பன்னிரண்டு டாலருக்கா ஓடுவான்?

இனி நம் வீட்டுத் தீவு. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது 1964 டிசம்பரில், எங்கள் தொழிற்பேட்டை பிறந்த அதே வருஷம். ரயிலையே கடல் விழுங்கியது. வாழத் தகாத இடம் என்று சர்க்கார் அறிவித்தது. வாழத் தகாத இடத்தில் மீனவர்கள் வாழத்தான் செய்தார்கள். அவர்களுக்கு வேறு கடல் ஏது? 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தார்கள். குடியிருக்கத் தகாத இடம் வேடிக்கை பார்க்கத் தகுந்ததாயிற்று. அதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து உள்ளூர்ப் பிள்ளைகள் வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு, ஈர மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் குலுக்கிக் குலுக்கி ஓட்டிப் போவார்கள். மணலின் மனசு தெரிந்தவன்தான் அதை ஓட்ட முடியும். இப்போது மதுரையில் டாங்கி நிரப்பிக்கொண்ட கார் நேரே முனைக்குப் போகிறது. செல்பி எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் பாட்டிலை எறிகிறது. இருட்டுவதற்குள் பாலத்தைத் தாண்டிவிடுகிறது. தலைக்கணக்கில் பிரமாத முன்னேற்றம். தீவில் விழுந்த காசு சங்குக்கடையில் ஐம்பது ரூபாய். சாலை போட்டது தப்பென்று நான் சொல்லவில்லை. ஆபத்துக்கு ஆஸ்பத்திரி போக அங்கே இருக்கிறவனுக்கும் சாலை வேண்டும். ஆனால் சாலையைப் போட்டவர்களுக்கு, இதுவரை இதில் பிழைத்தவன் இனி எதில் பிழைப்பான் என்று கேட்கத் தோன்றவில்லை.

இராமேசுவரம் யாத்திரிகர்களை நம்பிப் பிழைத்த ஊர். சுற்றுலா என்ற சொல் பிறப்பதற்கு முன்பே அது சுற்றுலா ஊர். காசியிலிருந்து வந்தவன் மூன்று நாள், ஐந்து நாள் தங்கினான். உள்ளூர் அரிசி, உள்ளூர்ப் பால். இப்போது 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் ரயில் பாலமும் வந்துவிட்டது. இன்னும் வருவார்கள். வரட்டும். அந்தக் கூட்டத்தின் கழிவெல்லாம் எங்கே போகிறது? அக்னி தீர்த்தக் கடலில் சாக்கடை கலக்கிறது என்ற புகார் எத்தனை வருஷமாகப் பத்திரிகையில் வருகிறது! பாவத்தைக் கழுவ வந்தவன் எதில் முழுகிக்கொண்டிருக்கிறான் என்பதை நாகரிகம் கருதி எழுதாமல் விடுகிறேன். பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தோம். இரண்டு தீவுகள் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. அங்கே பாசி எடுத்துப் பிழைத்த பெண்களைப் பார்த்து, பவளம் கெடும், தீவுப் பக்கம் போகாதே என்கிறோம். கண்ணாடி அடிப்படகில் பவளம் காட்ட டிக்கெட்டும் கிழிக்கிறோம்.

பட்டறை முதலாளியான ஒரு நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். "பசிக்கிறவனிடம் போய்ப் பத்தியம் பேசுகிறீர். முதலில் கூட்டம் வரட்டும், பணம் வரட்டும், அப்புறம் பங்கு பிரிக்கலாம்" என்றார். கெட்டிக்காரத்தனமான பேச்சுத்தான். ஆனால் பங்கு பிரிக்கிற வேளை எந்தத் தீவில் தானாக வந்தது? நிலம் முதலில் கைமாறிவிடுகிறது. பிறகு பிரிப்பதற்கு மிஞ்சுவது காவல்காரன் வேலையும் அறை பெருக்கும் வேலையும். பங்கு, அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் பேசவேண்டிய சமாசாரம்.

மொரீசியஸ்காரர்கள் கொஞ்சம் வேறு மாதிரி யோசித்தார்கள். அவர்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எண் இருக்கிறது என்று நாம் பெருமைப்படுவதோடு சரி. அதைவிடப் பார்க்க வேண்டியது அந்த நோட்டுக்குப் பின்னால் இருக்கும் யோசனை. கரும்பு ஒன்றையே நம்பியிருந்த தீவு அது. 1968-ல் சுதந்திரம் வந்தது. 1970-லேயே ஏற்றுமதித் தொழிலுக்கென்று சட்டம் செய்து துணி தைக்க ஆரம்பித்தார்கள். பிறகு ஓட்டல், பிறகு பாங்குத் தொழில். கரும்பையும் விடவில்லை. 2020-ல் அவர்களுக்கும் பலமான அடிதான், எல்லையையே மூடினார்கள். ஆனால் தேசம் திவாலாகவில்லை. அங்கேயும் கரையை ஓட்டல்கள் வளைத்துக்கொண்டன என்று ஜனங்கள் சண்டை போடுகிறார்கள். போடட்டும், அந்தச் சண்டை நடக்கிற தீவுக்குத்தான் நம்பிக்கை உண்டு.

எண்ணுவது என்றால் வேறு எண்ணட்டும். பிரயாணி கொடுத்த நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் தீவில் தங்கியது? ஓட்டலில் சம்பளம் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்த மண்ணில் பிறந்தவர்கள், அவர்களில் மானேஜர் எத்தனை பேர்? ஊர்க் கிணற்றில் போன சித்திரையில் தண்ணீர் எத்தனை அடியில் இருந்தது, இந்தச் சித்திரையில் எத்தனை அடி? படகை இழுத்துப்போடக் கரையில் எத்தனை கெஜம் மிச்சம்? இதில் எதையும் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் வேண்டியதில்லை. ஊர்ப் பஞ்சாயத்துக் குமாஸ்தா ஒரு சைக்கிளில் போய்க் கேட்டு வரலாம்.

நம் சுற்றுலாத் துறைக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை என்றால் தனுஷ்கோடியில் ஒரே ஒரு காரியம் செய்யட்டும். வெளியூர்க் கார்களை முகுந்தராயர் சத்திரத்தோடு நிறுத்தட்டும். அங்கிருந்து முனை வரை பேட்டரி வண்டி ஓட்டும் உரிமையை, முன்னே மணலில் வேன் ஓட்டினவர்களுக்கும் அங்கே குடியிருக்கிற மீனவர் குடும்பங்களுக்கும் கூட்டுறவுச் சங்கமாக்கிக் கொடுக்கட்டும். டெண்டர் என்று ஒரு காகிதத்தைப் போட்டுச் சென்னையிலிருக்கும் ஏதாவது ஒரு கம்பெனியிடம் அதைத் தூக்கிக் கொடுத்துவிடாமல் இருக்க வேண்டும்.